முழங்காலுக்குக் கீழே



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும். சரக்... சரக்... அம்மா கட்டிலில் உட்கார்ந்து சீப்பால் காலைச் சொறிகிற சத்தம். கேட்டால், "பனிக்காத்துடா, வேறென்ன" என்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பல வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியும் போயிருக்கிறேன். அம்மாவுக்கு அப்போதே சுகர் வந்து பதினாறு வருஷம்.

ஒருநாள் பீரோ கதவின் கீழ்முனை அவர் காலில் லேசாக உரசியது. அதை அடி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் வெங்காயச் சருகு மாதிரி தோல் சுருண்டு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பஞ்சு வைத்து, பிளாஸ்டரை இழுத்து இறுக்கி ஒட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அதே பிளாஸ்டரை ஒரே இழுப்பில் பிய்த்தார்கள். நன்றாக இருந்த தோலும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு புண்ணோடு போனவர் மூன்று புண்ணோடு திரும்பினார். எல்லாம் ஆற ஐந்து மாதம் ஆயிற்று.

அந்த ஐந்து மாதத்தில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு முழ இடத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன். சுகர் இல்லாத வீடு இன்று எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு இல்லையென்றால் அத்தைக்கு, மாமனாருக்கு, மாடிவீட்டுத் தாத்தாவுக்கு இருக்கும்.

சுகர் என்றதும் நாம் என்ன பேசுவோம்? அரிசியா கோதுமையா, மாம்பழம் ஒரு துண்டு சாப்பிடலாமா, சாப்பாட்டுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. கால் என்ற பேச்சு வந்தால் பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பாதத்துக்கு மேலே உள்ள தோலைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அது வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் கிடக்கிற இடம். சாம்பல் பூத்து, மீன் செதில் மாதிரி வெடித்து, தொட்டால் மாவு உதிரும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

வயசும் ஒரு காரணம்தான். ஆனால் சுகருக்கு அதில் தனிப் பங்கு உண்டு. நாள்பட்ட சுகர் நரம்பைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. கால் மரக்கும், எரியும், பஞ்சில் நடப்பது போலிருக்கும். வியர்வைச் சுரப்பிகளை வேலை செய்யச் சொல்கிற மெல்லிய நரம்புகளும் அதோடு சேர்ந்து கெடுவதை நாம் யோசிப்பதில்லை. அவை கெட்டால் காலில் வியர்க்காது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்துதான் தோலை மென்மையாக வைத்திருக்கின்றன. வியர்வை நின்றால் குளம் வற்றிய தரை மாதிரி தோல் பாளம் பாளமாக வெடிக்கும். உங்கள் வீட்டுப் பெரியவரைக் கவனித்துப் பாருங்கள். சாப்பிடும்போது நெற்றியும் கழுத்தும் வியர்த்து ஊற்றும், கால் மட்டும் காய்ந்து கிடக்கும். மிளகாய்க் காரம் என்று நினைத்திருப்போம். பல பேருக்கு அது நரம்பு செய்கிற வேலை.

இதோடு, ரத்தத்தில் கூடுகிற சர்க்கரை தோலுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற நார்களில் ஒட்டி, அவற்றை விறைப்பாக்குகிறது. காலின் முன்பக்கத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை மாதிரி கொழுப்பும் அதிகம் கிடையாது. இதயத்திலிருந்து தூரமான இடம் வேறு. ரத்தம் வந்துசேர்வதும் திரும்பி ஏறுவதும் சிரமம். அதனால்தான் கட்டில் முனை பட்டாலே கிழிகிறது. கையில் நாலு நாளில் ஆறுகிற காயம் காலில் நாலு வாரம் கிடக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில், நாம் செய்துகொண்டிருக்கும் சிலவற்றை நிறுத்த வேண்டும்.

கால் எரிகிறதா, குடைகிறதா? உடனே ஒரு பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கைப்பிடி கல்லுப்பு போட்டு, அதில் காலை வைக்கச் சொல்வோம். பாட்டி காலத்துப் பாசம் அது, குறை சொல்ல மனசு வராது. ஆனால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தண்ணீர் கொதித்தது என்பதே தெரியும். சூடு இல்லாவிட்டாலும், நெடுநேரம் ஊறிய தோல் இருந்த பசையையும் தண்ணீரில் விட்டுவிட்டு இன்னும் வறண்டு வெளியே வரும். வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும் இதே கதைதான். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சூடு பார்ப்பது காலால் அல்ல, முழங்கையால். இன்னும் நல்லது, சுகர் இல்லாத ஒருவர் பார்த்துச் சொல்வது.

எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர். சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நுரை வரவில்லை என்று அம்மா இன்னும் நாலு தேய் தேய்ப்பார். மேலே நார் வேறு. கிருமி போகட்டும் என்று பக்கெட்டில் ரெண்டு மூடி டெட்டால். இவ்வளவும் சேர்ந்து தோலில் மிச்சம் இருக்கிற பசையைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன. தினமும் காலுக்கு முரட்டு சோப்பு தேவையே இல்லை. மென்மையான சோப்பைக் கையால் ஒரு தடவு தடவிக் கழுவினால் போதும். நார், பிரஷ் எதுவும் வேண்டாம்.

குளித்ததும் டவலால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுசாகக் காய்வதற்குள், மூணு நாலு நிமிஷத்துக்குள், எதையாவது தடவிவிட வேண்டும். காய்ந்த தோலில் தடவுவதற்கும் ஈரம் இருக்கும்போதே தடவுவதற்கும் நிறைய வித்தியாசம். க்ரீம் போய் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கிற தண்ணீரை ஓடாமல் மூடி வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

எதைத் தடவுவது? இதற்குத்தான் எனக்கு அதிகம் கடிதம் வரும் என்று தெரியும். விலை கூடிய டப்பா வேண்டியதில்லை. வாசலின் மாதிரி வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். லிக்விட் பாராஃபின் கலந்த க்ரீம் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழுந்தால் தோலை விட்டு இடுப்பைப் பார்க்க வேண்டி வரும். தடவிய பிறகு கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள், அல்லது தளர்வான காட்டன் சாக்ஸ் போட்டுவிடுங்கள். வாசனை தூக்கலாக இருக்கிற லோஷன், மூலிகை என்ற பெயரில் எரிகிற தைலம், வலி நிவாரணி பாம் எதுவும் வெடித்த தோலுக்கு ஆகாது.

செதில் செதிலாகத் தடித்த தோலுக்கு டாக்டர்கள் யூரியா கலந்த க்ரீம் எழுதுவார்கள். பத்து சதவீதம் என்று டியூபில் போட்டிருக்கும். குதிகாலுக்கு இன்னும் கூடுதல் சதவீதத்தில் கிடைக்கும். எங்கள் டாக்டர் யூரியா என்று சொன்னதும் அம்மா என்னைப் பார்த்து, "என் காலு என்ன நெல்லு வயலாடா?" என்றார். வயலில் போடுகிற அதே வேதிப்பொருள்தான், ஆனால் இது மருந்துக்கான சுத்தத்தில் செய்தது. நம் தோலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் யூரியா உண்டு. ஈரத்தைப் பிடித்து வைக்கிற சரக்குகளில் அதுவும் ஒன்று. புண் உள்ள இடத்திலும் பிளந்த வெடிப்பிலும் மட்டும் போடக் கூடாது, எரியும்.

எதைத் தடவினாலும் கால் விரல் இடுக்கில் தடவாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். அந்தப் பிளவு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்க வீங்கும். விரலிடுக்கைத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

குதிகால் வெடிப்புக்குப் 'பித்த வெடிப்பு' என்று நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரே ஆளைத் திசைதிருப்பிவிடும். பித்தத்துக்கு மருந்து தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். பிளேடால் சீவிவிட்டு வந்தவர்களையும் தெரியும். சுகர் உள்ளவர்கள் பிளேடு, கத்தி, காலாணிக்கு ஒட்டுகிற ஆசிட் பிளாஸ்டர் மூன்றையும் கிட்டேயே சேர்க்கக் கூடாது.

இப்போது சீப்புக்கு வருகிறேன். அரிப்பு ராத்திரியில்தான் கூடும். மின்விசிறி, தோல் வறட்சி, கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லை. சொறிந்தால் சுகமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் மெலிந்த தோலில் நகமோ சீப்போ போடுகிற கீறல் ஒவ்வொன்றும் ஒரு வாசல். தூங்கப் போகும் முன் இன்னொரு முறை க்ரீம் தடவிவிட்டாலே அரிப்பு பாதி அடங்கும். தாங்க முடியாத இடத்தைச் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். இவ்வளவு செய்தும் உடம்பு முழுக்க அரித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம், தைராய்டு, சாப்பிடுகிற மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம்.

தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கையில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கும். ரெண்டே நாளில் அரிப்பு நிற்கும், மந்திரம் போலிருக்கும். மாதக்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோல் பட்டர் பேப்பர் ஆகிவிடும். 2018-லேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில் சேர்த்தது. இருந்தும் எத்தனை கடையில் சீட்டு கேட்கிறார்கள்? நானே அம்மாவுக்கு அப்படி வாங்கிக் கொடுத்தவன்தான். பீரோ முனையை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

காலின் முன்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு மாதிரி சிலருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. சுகர் உள்ளவர்களுக்கு இது சகஜம், வைத்தியம் தேவையில்லை. அதைப் போக்க க்ரீம் தேடி அலைய வேண்டாம். ஆனால் அது இருந்தால் கண்ணையும் நரம்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கணுக்காலைச் சுற்றி மட்டும் கறுத்து, சாயங்காலமானால் கால் வீங்கினால் அது வேறு சங்கதி, ரத்தக் குழாயில் கோளாறு. அதற்காக நாமாகவே இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கி மாட்டிவிடக் கூடாது. காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பார்க்காமல் இறுக்கினால் விபரீதம்.

காலுக்கு அடி எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். கட்டில் முனை, டீப்பாய், கேஸ் சிலிண்டர், மழை நாளில் கொசுக்கடி. வெளியே வந்தால் பைக் சைலன்சர். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து இறங்கும்போது கெண்டைக்காலில் சுடுவது அநேகமாக எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். நரம்பு நன்றாக இருந்தால் "ஸ்ஸ்" என்று காலை இழுப்போம். மரத்த கால் சைலன்சர் மேலேயே கிடக்கும். கொலுசும் மெட்டியும்கூட, கால் வீங்குகிற நாளில் அறுக்கும். மெட்டியைக் கழற்றச் சொல்வது லேசான காரியம் இல்லை, தெரியும். கழற்ற வேண்டாம், ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமே?

கோயிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் மதிய நேரம் கல் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்க கொப்புளம். திருவண்ணாமலை கிரிவலம் சுமார் 14 கிலோமீட்டர். பழனி பாதயாத்திரை அதைவிட எவ்வளவோ தூரம். போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? காலை நேரத்திலோ பொழுது சாய்ந்தோ போங்கள். பிரகாரத்தில் சாக்ஸ் போட்டு நடக்க முடிந்தால் நடங்கள். உணர்ச்சி போன காலுக்கு முருகனே சலுகை தருவான்.

அப்படியும் தோல் கிழிந்துவிட்டால்? ஓடுகிற சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். உரிந்த தோலைக் கத்தரித்து எறியாமல், நனைத்த காஸ் துணியால் பழைய இடத்துக்கே மெல்லத் தள்ளி வையுங்கள். அது உயிரோடிருந்தால் மூடியாக நின்று புண்ணைக் காக்கும். அதன் மேல் ஒட்டாத பாராஃபின் காஸ், அதற்கு மேல் ரோலர் பேண்டேஜ். பிளாஸ்டர் ஒட்டுவதானால் பேண்டேஜ் மேல் ஒட்டுங்கள், தோல் மேல் வேண்டாம். அப்புறம் டாக்டர். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

அம்மாவின் காலை ஆற்றிய நர்ஸ் ஒருவர் கட்டுக்கு மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுவார். உரிந்த தோல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தத் திசையில் பிரிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். எதிர்ப்பக்கம் இழுத்தால் மறுபடி பிய்ந்துகொண்டு வரும். ஒரு பேனாக் கோடு. அது முதல் நாளே இருந்திருந்தால் ஐந்து மாதம் ரெண்டு மாதமாகியிருக்குமோ என்று இப்போதும் தோன்றும்.

ஒரு கால் மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கினால், காய்ச்சல் வந்தால், புண்ணில் நாற்றமோ கருப்போ தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறதென்றால் அதையும் சொல்லுங்கள்; ரத்த ஓட்டம் குறைகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

வலியில்லாத கால் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் ஊர் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். மிஷனரிகளின் மகன். லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதாக அன்று எல்லோரும் நம்பினார்கள். அப்படியில்லை, வலி தெரியாததால் அவர்கள் அறியாமலே அடிபட்டும் சுட்டுக்கொண்டும் தேய்ந்துபோகின்றன என்று அவர் கண்டு சொன்னார். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, சுகர் நோயாளிகளின் காலிலும் அதே கதை நடப்பதைக் கண்டார். இன்று சுகர் கிளினிக்கில் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி "தெரியுதா?" என்று கேட்கிறார்களே, அந்த 10 கிராம் இழைப் பரிசோதனை பரவியதில் கார்வில் ஆட்களின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம், உலகத்தைச் சுற்றி நம் அம்மா அப்பா காலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பரிசோதனையை வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளுங்கள். 'பாதம் பாதுகாப்போம்' என்று தமிழக அரசே இதற்கென ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். டாக்டர் அறைக்குள் போனதும் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். காட்டாவிட்டால், கூட்டத்தில் அவரும் கேட்காமல் போகலாம்.

மற்ற முன்னூற்று அறுபத்து நாலு நாளும் காலைப் பார்ப்பது யார்?

அவரவரே பார்க்கலாம்தான். ஆனால் யோசியுங்கள். சுகர் கண்ணையும் மங்க வைத்திருக்கும். முழங்கால் வலியால் குனிய முடியாது. தொட்டாலும் உணர்ச்சி தெரியாது. இப்படிப்பட்டவரிடம் போய் "தினமும் காலைப் பார்த்துக்கோங்க" என்று சொல்வதில் என்ன அர்த்தம்? இன்னொரு ஜோடிக் கண் வேண்டும், இன்னொரு கை வேண்டும். அது நாம்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பெரியவர்கள் காலில் விழுகிறோம். விழுகிற நேரத்தில் கூட அந்தக் காலைப் பார்ப்பதில்லை.

பார்க்க விடுவதும் அவ்வளவு சுலபமில்லை. முதல் நாள் நான் க்ரீமோடு தரையில் உட்கார்ந்ததும் அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "டேய், விடுடா. ஆம்பளப் புள்ள பெத்தவ காலைப் புடிச்சுக்கிட்டு... யாராச்சும் பார்த்தா என்ன நெனைப்பாங்க?" ரெண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் சீரியல் ஓடும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கதாநாயகி அழுகிற மும்முரத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது. ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒரு விளம்பர இடைவேளை நேரம்கூட ஆவதில்லை. தடவும்போதே கீறல், கொப்புளம், சூடு, வீக்கம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். தனியாகப் 'பரிசோதனை' என்று பயமுறுத்த வேண்டியதில்லை. மாமனாருக்கு மருமகள் தடவ முடியாத வீட்டில் பேரன் தடவட்டும். தனியாக இருப்பவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பாருங்கள், அல்லது போனில் காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

போன மாதம் அச்சக வேலையாகச் சிவகாசியில் ரெண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. ராத்திரி போன் செய்து காலுக்குத் தடவியாயிற்றா என்று கேட்டேன்.

"உன் பொண்ணு தடவிவிட்டா. விரலிடுக்குல எல்லாம் அப்பிட்டா, என்னத்தைச் சொல்லிக் குடுத்திருக்கியோ. நான்தான் துணியை எடுத்துத் துடைச்சேன்" என்றார் அம்மா.

அன்புடன்,
ஆசிரியர்